வேதித் தொழிலின் விலையை யார் தருவது?

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், மலையடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. 1988-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயத்தின் நுழைவாயில் அது. 2021-இல் உருவான ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் அந்தச் சரணாலயம் இப்போது அடங்குகிறது. அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரைக் கடந்து கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் சிவகாசி. மழை குறைந்த கரிசல் மண்ணில், உலர்ந்த காற்றையே மூலதனமாகக் கொண்டு வளர்ந்த தொழில் நகரம். காப்பகமும் பட்டாசு ஆலைகளும் ஒரே மாவட்டத்தின் இரு பக்கங்கள். வைப்பாற்றுப் படுகை என்ற ஒரே நீர்ப்பரப்பைச் சார்ந்தவை.

பட்டாசையும் தீக்குச்சியையும் நாம் குடிசைத் தொழில் என்கிறோம். பண்டிகைத் தொழில் என்கிறோம். அவை வேதித் தொழில் என்பதை அநேகமாக மறந்துவிடுகிறோம். பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், அலுமினியப் பொடி, பேரியம் உப்புகள், குளோரேட், சிவப்பு பாஸ்பரஸ் ஆகியவற்றை அன்றாடம் கையாளும் தொழிலுக்கு வேறு பெயர் இருக்க முடியாது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரத்தில் நெய்யப்படும் மருத்துவத் துணியும் காஸ்டிக் சோடாவிலும் வெளுப்பு மருந்திலும் தோய்ந்த பிறகே மருத்துவமனைக்குச் செல்கிறது. எனவே, உலகில் வேதித் தொழில் எந்த நிலையில் இருக்கிறது, அதன் பொருளாதாரமும் சுற்றுச்சூழலும் எங்கே மோதுகின்றன என்ற கேள்வி நமக்கு அயலானது அன்று.

அந்தக் கேள்வி இன்று மிகக் கூர்மையாக எழுந்திருக்கும் இடம் ஐரோப்பா. நவீன வேதித் தொழிலின் தாயகம் அது. இருபது ஆண்டுகளுக்கு முன் உலக வேதிப்பொருள் விற்பனையில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பங்கு கால் பங்குக்கும் மேல். இப்போது அது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. சீனத்தின் பங்கு 40 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது. ரைன் நதிக்கரையில் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரில் 1865 முதல் இயங்கிவரும் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம், தன் அமோனியா அலகு ஒன்றையும், நுரைப் பொருள்களுக்கான டி.டி.ஐ. அலகையும் மூடுவதாக 2023 பிப்ரவரியில் அறிவித்தது. அதே நிறுவனம் சீனத்தின் குவாங்டாங் மாகாணத்தில் ஏறத்தாழ 1,000 கோடி யூரோ முதலீட்டில் பெரும் வளாகத்தைக் கட்டிக்கொண்டிருந்தது.

இந்தச் சரிவுக்குக் காரணம் என்ன? சுற்றுச்சூழல் சட்டங்களே என்பது எளிதாகக் கிடைக்கும் விடை. 2007-இல் நடைமுறைக்கு வந்த 'ரீச்' ஒழுங்குமுறை, தரவு தராத வேதிப்பொருளுக்குச் சந்தையில் இடமில்லை என்று விதித்தது. ஒரு பொருள் தீங்கற்றது என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசிடமிருந்து உற்பத்தியாளருக்கு மாறியது. இது செலவை உயர்த்தியது உண்மை. ஆனால், அடிப்படை வேதிப்பொருள்களின் கணக்கைப் பார்த்தால் முதன்மைக் காரணம் எரிவாயுதான். ஐரோப்பியச் சந்தையில் ஒரு மெகாவாட் மணிக்கு 20 யூரோ அளவில் நெடுங்காலம் இருந்த விலை, உக்ரைன் போருக்குப் பின் 2022 ஆகஸ்டில் 300 யூரோவைத் தாண்டியது. எரிவாயுவையே எரிபொருளாகவும் மூலப்பொருளாகவும் கொண்ட அமோனியா ஆலை அதைத் தாங்காது. விலை பின்னர் இறங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவின் மலிவான ஷேல் எரிவாயுவும், சீனத்தின் மிகை உற்பத்தித் திறனும் மறுபுறம் நெருக்கின.

மற்றொரு பக்கமும் உண்டு. 1976-இல் இத்தாலியின் செவெசோவில் டையாக்சின் கசிந்தது. 1986-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே சாண்டோஸ் கிடங்கு தீப்பற்றியபோது, தீயணைத்த நீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைன் நதியில் கலந்து, பல நூறு கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் செத்து மிதந்தன. அந்த ரைன் இன்று மீண்டிருக்கிறது. 1990-ஐ ஒப்பிட ஐரோப்பிய வேதித் தொழிலின் பசுங்குடில் வாயு வெளியேற்றம் பாதிக்கும் மேலாகக் குறைந்திருக்கிறது. சட்டம் வந்த பிறகும் பல பத்தாண்டுகள் தொழில் செழித்திருந்தது என்பதே வரலாறு.

சிவகாசியின் வரலாறும் இதையே சொல்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் தீக்குச்சிகள் வெள்ளை பாஸ்பரஸால் ஆனவை. அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. சுவீடனின் யோன்ஷோப்பிங் நகரில், சிவப்பு பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் பூசும் பாதுகாப்புத் தீக்குச்சி ஏற்கெனவே வணிகமாகியிருந்தும், மலிவு காரணமாக வெள்ளை பாஸ்பரஸ் நீடித்தது. 1906-இல் பெர்ன் நகரில் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கைதான் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. இந்தியாவில் 1913-இல் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பியபோது, அவர்கள் கற்று வந்தது பாதுகாப்பான தீக்குச்சியைத்தான். சிவகாசியின் தீப்பெட்டித் தொழில், ஒரு தடைக்குப் பிந்தைய உலகில் பிறந்த குழந்தை.

பின்னரும் இது நிகழ்ந்தது. குளோரேட்டுடன் கந்தகம் கலந்த வெடிமருந்து, சிறு உராய்வுக்கும் வெடிக்கக்கூடியது. 1992 ஜனவரியில் மத்திய அரசு அந்தக் கலவையைத் தடை செய்தது. தொழில் நைட்ரேட் கலவைகளுடன் வளர்ந்தது. 1996 டிசம்பரில், சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்த எம்.சி.மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம், பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் ரூ.20,000 வீதம் முதலாளி மறுவாழ்வு நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. குழந்தைகள் இல்லாவிட்டால் தீப்பெட்டித் தொழில் அழியும் என்று அப்போது வாதிட்டவர்கள் உண்டு. தொழில் அழியவில்லை, இயந்திரமயமானது. அந்தக் குழந்தைகளின் தலைமுறை பள்ளிக்குச் சென்றது.

இவற்றிலிருந்து ஒரு பொது விதியைக் காணலாம். மாற்றுப் பொருளோ மாற்று முறையோ கைவசம் இருந்து, போதிய அவகாசமும் தரப்பட்டு, செலவை யார் ஏற்பது என்பதும் தெளிவாக இருந்தால், தடை தொழிலைச் சீர்திருத்துகிறது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் தொழில் மறைவிடங்களைத் தேடுகிறது. இன்று சிவகாசியில் நிகழ்வது இரண்டாவது வகை என்று அஞ்ச வேண்டியிருக்கிறது.

2018 அக்டோபர் 23 அன்று அர்ஜுன் கோபால் வழக்கில் உச்சநீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடிகளையும் தடை செய்து, பசுமைப் பட்டாசுகளை மட்டும் அனுமதித்தது. மேம்படுத்திய கலவையில் பேரியத்தைப் பயன்படுத்த அனுமதி கோரிய மனுவும் 2023 செப்டம்பரில் நிராகரிக்கப்பட்டது. நீரில் கரையும் பேரியம் உப்புகள் நஞ்சு என்பதில் ஐயமில்லை. ஆனால், கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புஸ்வாணம் ஆகியவற்றில் உயிர்க்காற்றைத் தருவதும் பச்சை நிறத்தைத் தருவதும் பேரியம் நைட்ரேட்தான். அதற்கு நிகரான மலிவுப் பொருள் இல்லை. ஸ்ட்ரான்ஷியம் நைட்ரேட் விலை கூடியது. காற்றின் ஈரத்தை எளிதில் இழுப்பது. தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய பசுமைக் கலவைகள், துகள் மாசை 30 விழுக்காடேனும் குறைக்கும் நோக்குடையவை. பெரிய ஆலைகள் இவற்றுக்கு மாற இயலும். ஆய்வுக்கூடமும் வேதியியலாளரும் இல்லாத சிற்றாலைக்கு அது எளிதன்று.

நாட்டின் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில்தான் உற்பத்தியாகிறது. உரிமம் மூன்று அடுக்கு: கையாளும் மருந்தின் அளவைப் பொருத்து நாக்பூர், சென்னை, மாவட்ட நிர்வாகம். விதிகள் தெளிவானவை. ஓர் அறையில் இத்தனை பேர், இத்தனை கிலோ, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்று வரையறை உண்டு. ஆயினும், 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடைப்பட்ட ஆண்டுகளிலும் பின்னரும் நிகழ்ந்த சிறு விபத்துகள் செய்தித்தாளின் உள்பக்கத்தோடு முடிந்தன.

ஒவ்வொரு முறையும் 'உராய்வினால் விபத்து' என்று செய்தி வருகிறது. உராய்வு வேதியியல் காரணம். அதற்குப் பின்னால் பொருளியல் காரணம் உண்டு. ஆண்டு முழுவதும் உழைத்து ஒரே பண்டிகையில் விற்கும் தொழில் இது. வியாபாரியின் முன்பணம் உற்பத்தியின் வேகத்தை நிர்ணயிக்கிறது. உரிமம் பெற்றவர் அறைகளை உள்குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்காரருக்கு ஆலையின் ஆயுள் ஒரு பருவம்தான். பாதுகாப்பில் முதலிடுவதால் அவருக்கு ஆதாயம் இல்லை. தொழிலாளருக்கோ எண்ணிக்கைக் கூலி. அதிகம் செலுத்தினால் அதிகம் கிடைக்கும் என்னும்போது, மருந்து அறைக்குள் மிகுதியாக வந்து சேர்கிறது. மர நிழலில் வேலை நடக்கிறது. கலந்த மருந்து இரவு தங்கிவிடுகிறது. அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் தானே சூடேறும் என்பது அங்குள்ள போர்மேன்கள் அனைவரும் அறிந்ததே.

விபத்துக்குப் பின் நடப்பதைப் பொருளியல் கண்கொண்டு பார்க்க வேண்டும். அரசு நிவாரணம் அறிவிக்கிறது. அது வரி செலுத்துவோர் பணம். எஞ்சிய சுமையைக் குடும்பம் சுமக்கிறது. அபாயத்தை உருவாக்கியவரின் கணக்குப் புத்தகத்தில் அபாயத்தின் விலை பதிவாவதே இல்லை. தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் முதலாளியின் பங்களிப்பு ஊதியத்தில் 3.25 விழுக்காடு. துணிக்கடைக்கும் அதுதான், வெடிமருந்து அறைக்கும் அதுதான். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், சிவகாசியின் மையப் பிரச்சினையாக நான் கருதுவது இந்தச் சமன்பாட்டைத்தான்.

ஐரோப்பாவிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய மிகப் பயனுள்ள பாடமும் இங்கேதான் உள்ளது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1884-இல், தொழில் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வொரு துறையின் முதலாளிகளும் ஒரு சங்கமாக இணைந்து, காப்பீட்டுச் செலவு முழுவதையும் தாங்களே ஏற்க வேண்டும். அபாயம் மிகுந்த பிரிவுக்குக் கட்டணம் மிகுதி. விபத்து குறைந்தால் சங்கத்தின் சுமை குறையும். ஆகவே, விதி மீறும் ஆலையைக் கண்டிக்க மற்ற ஆலைகளுக்கே அக்கறை பிறந்தது. அந்தச் சங்கங்களே பாதுகாப்பு விதிகளை எழுதி, சொந்த ஆய்வாளர்களையும் அமர்த்தின. இந்த ஏற்பாடு இன்றும் இயங்குகிறது.

எச்சரிக்கையான பாடமும் உண்டு. 2000 மே 13 அன்று நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில், குடியிருப்புக்கு நடுவே இருந்த பட்டாசுக் கிடங்கு வெடித்து 23 பேர் இறந்தனர். ஏறத்தாழ 400 வீடுகள் தரைமட்டமாயின. பின்னர் விதிகள் கடுமையாயின. ஆனால், ஐரோப்பா வெடிக்கும் பட்டாசின் பெரும்பகுதி சீனத்தில் உற்பத்தியாகிறது. அபாயத்தை ஒழிப்பது ஒன்று; அதை வேறொருவர் வீட்டுக்கு அனுப்புவது மற்றொன்று. சிவகாசியை மூடிவிட்டு, எல்லை தாண்டி வரும் கள்ளப் பட்டாசுக்குச் சந்தையைத் திறந்துவிட்டால், நாமும் அந்த இரண்டாவது வழியில்தான் செல்வோம்.

நிலத்தடி நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பட்டாசின் மாசு என்றால் தீபாவளி இரவின் தில்லி வானமே நினைவுக்கு வருகிறது. உற்பத்தி நடக்கும் மண்ணை யாரும் நினைப்பதில்லை. பெர்குளோரேட் போன்ற உப்புகள் நீரில் எளிதில் கரைந்து நெடுநாள் தங்குபவை. தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுப்பவை. மழை குறைந்த வட்டாரத்தில் ஒரு கிணறு கெட்டால் மாற்றுக் கிணறு இல்லை. நொய்யல் கெட்ட பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் வரை காத்திருந்ததன் விலை நமக்குத் தெரியும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவது, பட்டாசு ஆலைகளுக்கு அபாய அளவுக்கேற்ற கட்டணத்துடன் கூடிய கட்டாயக் கூட்டுக் காப்பீடு. உள்குத்தகை கண்டறியப்பட்டால் அந்த ஆலையின் கட்டணம் பன்மடங்காக வேண்டும். இரண்டாவது, மருந்து கலக்கும் பணிக்கு எண்ணிக்கைக் கூலியை ஒழித்து நாள்கூலி. மூன்றாவது, சிற்றாலைகளுக்குப் பொதுவான ஆய்வுக்கூடமும், பசுமைக் கலவையைத் தயாராக வழங்கும் பொதுக் கலவை மையமும். நான்காவது, ஆலைப் பகுதிக் கிணறுகளில் பேரியம், பெர்குளோரேட் அளவுகளை ஆண்டுக்கு இருமுறை சோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுதல். இவற்றால் ஒரு பெட்டி மத்தாப்பின் விலை சில ரூபாய் உயரலாம். அந்தச் சில ரூபாயை இதுநாள்வரை முதலிப்பட்டியும் அச்சங்குளமும் செலுத்தி வந்தன. இனி அதை வாங்குபவரும் விற்பவரும் செலுத்தட்டும்.