பல் மருத்துவச் சுற்றுலாவின் இடர்கள்

பல் மருத்துவச் சுற்றுலா என்பது, சொந்த நாட்டில் பற்சிகிச்சைக்கு ஆகும் செலவைத் தாங்க இயலாதவர்களும் அதைத் தவிர்க்க விரும்புபவர்களும், அதே சிகிச்சையைக் குறைந்த கட்டணத்தில் பெறுவதற்காக வேறொரு நாட்டுக்குச் சென்று திரும்புவதைக் குறிக்கும். அங்கேரி, மெக்சிகோ, துருக்கி, தாய்லாந்து, இந்தியா ஆகியவை இவ்வாறு நாடப்படும் நாடுகளுள் குறிப்பிடத்தக்கவை. இதன் இடர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு மருத்துவரின் திறமைக் குறைவாகவே பேசப்பட்டு வந்தாலும், அவற்றுள் பெரும்பகுதி காலத்தைச் சார்ந்தவை. மாதக்கணக்கில் நடக்க வேண்டிய சிகிச்சை விடுமுறை நாட்களுக்குள் சுருக்கப்படுவதும், சிகிச்சை முடிந்த கையோடு நோயாளி மருத்துவரின் கண்காணிப்பிலிருந்து விலகிவிடுவதுமே அவற்றின் அடிப்படை.

தோற்றமும் பரவலும்

பொது மருத்துவத் திட்டங்களிலிருந்து பல் ஒதுக்கி வைக்கப்பட்டதே இப்பயணங்களின் தொடக்கக் காரணமாகும். பிரிட்டனில் 1948 சூலை 5 அன்று தொடங்கப்பட்ட தேசிய நலவாழ்வுச் சேவை முதலில் பற்சிகிச்சையையும் கட்டணமின்றி வழங்கியது. 1951-இல் பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவு செய்தபோது, அச்சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அதை எதிர்த்து அமைச்சர் பதவியைத் துறந்தார். அமெரிக்காவில் முதியோருக்காக 1965-இல் இயற்றப்பட்ட மெடிகேர் திட்டம் வழக்கமான பற்சிகிச்சையைத் தொடக்கத்திலேயே விலக்கி வைத்தது. ஓய்வூதியத்தில் வாழ்பவருக்குப் பல் பெருஞ்செலவாக மாறிய இந்நிலையில், எல்லைக்கு அப்பால் அதே வேலை பாதிக் கட்டணத்திலோ அதற்கும் குறைவாகவோ கிடைத்தபோது மக்கள் எல்லையைக் கடந்தது வியப்பன்று.

ஐரோப்பாவில் இதன் தொட்டில் ஆஸ்திரிய–அங்கேரி எல்லை. 1979 சனவரி 1 முதல் இவ்விரு நாட்டு மக்களும் விசா இன்றிச் சென்றுவரலாம் என்றானதும், வியன்னாவுக்கு அருகிலுள்ள ஷோப்ரோன் நகருக்கு இறைச்சி வாங்கவும் முடிதிருத்திக்கொள்ளவும் வந்த ஆஸ்திரியர்கள் நாளடைவில் பல்லையும் அங்கேயே பார்த்துக்கொண்டனர். 1921-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஆஸ்திரியாவை விடுத்து அங்கேரியைத் தேர்ந்துகொண்ட இந்நகரின் தெருக்களில் இன்று பல் மருத்துவர்களின் பெயர்ப்பலகைகள் ஜெர்மன் மொழியில் தொங்குகின்றன. அதே எல்லைப்பகுதியிலுள்ள மொஷொன்மாடியாரோவார் என்ற சிறுநகரும் இத்தொழிலாலேயே அறியப்பட்டது. 2004-இல் அங்கேரி ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், மலிவுக் கட்டண விமானங்கள் பெருகியதும், பிரிட்டன், அயர்லாந்து நாட்டினரைப் புடாபெஸ்ட்டுக்கு அழைத்து வந்தன.

அமெரிக்கக் கண்டத்தில் இதற்கு இணையானது மெக்சிகோவின் லோஸ் அல்கொதோனெஸ். சில ஆயிரம் பேரே வாழும் இவ்வூரில் பல் மருத்துவர்கள் பல நூறு பேர் இருப்பதால் இது ‘கடைவாய்ப்பல் நகரம்’ என்ற பொருள்படும் பட்டப்பெயரைப் பெற்றது. குளிர்காலத்தில் அரிசோனாவின் யூமா பகுதிக்கு வந்து தங்கும் அமெரிக்க, கனடிய முதியவர்கள், எல்லைக்கு இப்பால் குவெச்சான் பழங்குடியினர் நடத்தும் வாகன நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்தே சென்று திரும்புகின்றனர். இவ்வகை எல்லையோரப் பயணத்தில் இடர் ஒப்பளவில் குறைவு. பல் வலித்தால் மறுநாளே மீண்டும் நடந்து போகலாம். விமானப் பயணம் இடையில் வந்தபோதே சிக்கல் தொடங்கிற்று.

எலும்பு கேட்கும் காலம்

இழந்த பல்லுக்கு மாற்றாகத் தாடை எலும்பில் பதிக்கப்படும் டைட்டானியத் திருகே இம்ப்ளான்ட் எனப்படுகிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயலின் எலும்பில் பொருத்திய டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாதபடி எலும்பு அதனோடு ஒன்றிவிட்டதைக் கண்டார். 1965-இல் இம்முறை முதன்முதலாக மனிதரின் தாடையில் பயன்படுத்தப்பட்டது. அவர் வகுத்த முறைப்படி, பதித்த திருகு கீழ்த்தாடையில் 3 மாதமும் மேல்தாடையில் 6 மாதமும் சுமையின்றி விடப்பட வேண்டும். திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் உத்திகள் வந்தபின் இக்காலம் பலருக்குச் சில வாரங்களாகக் குறைந்தது. எனினும் எலும்பு வளரும் வேகத்தைப் பயணச்சீட்டின் தேதி மாற்றுவதில்லை. ‘ஒரே நாளில் பற்கள்’ என்று விளம்பரப்படுத்தப்படும் முறையிலும் முதல் நாளில் பொருத்தப்படுவது பொதுவாகத் தற்காலிகப் பற்களே. நிலையானவற்றைப் பொருத்தச் சில மாதங்கள் கழித்து மீண்டும் வர வேண்டும் என்பது விளம்பரத்தில் சிறிய எழுத்தில் அமைகிறது.

செதுக்கப்படும் பல்

பேச்சுவழக்கில் ‘கேப்’ எனப்படும் கிரௌன், பல்லைச் சுற்றிலும் செதுக்கி அதன்மேல் கவிழ்க்கப்படும் உறையாகும். வெனியர் என்பது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டப்படும் மெல்லிய தகடு. வெனியருக்குப் பற்சிப்பி அரை மில்லிமீட்டர் அளவுக்கே நீக்கப்படுகிறது. முழுக் கேப்புக்கோ வெளியே தெரியும் பல்லின் பெரும்பகுதியே, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, போய்விடுகிறது. பற்சிப்பி மீண்டும் வளராது. சமூக ஊடகங்களில் ‘துருக்கிப் பற்கள்’ எனப் பெயர் பெற்ற பளீர் வெள்ளைப் பல்வரிசைக்காக, சொத்தையே இல்லாத பற்கள் இருபதுக்கு மேல் முளைக்குச்சி வடிவில் செதுக்கப்படுவதும், வெனியர் என நினைத்துச் சென்றவருக்குக் கேப் போடப்படுவதும் இவ்வகையின் பெருங்கேடுகளாகும். செதுக்கலின் வெப்பமும் அதிர்ச்சியும் பல்லின் உள்ளேயிருக்கும் நரம்பும் இரத்தக்குழாயும் கொண்ட பற்கூழைப் பாதித்தால், அது மெல்ல இறந்து, பல மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சீழ்க்கட்டியாக வெளிப்படுகிறது.

கடி பொருந்தாமை எளியதாயினும் பரவலான குறையாகும். கேப்பைப் பொருத்தியதும் மருத்துவர் பற்களுக்கிடையே நீலத்தாளை வைத்துக் கடிக்கச் சொல்லி, சாயம் அழுத்தமாகப் படியும் மேட்டைத் தேய்த்துச் சமன் செய்கிறார். மரத்துப்போன வாயோ எந்தப் பல் முதலில் இடிக்கிறது என்பதைச் சரியாக உணர்த்தாது. இரண்டு நாள் சோறு மென்றபின் தெரியவரும் அம்மேட்டை நீக்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடம் கடல் கடந்த ஊரில் இருக்கிறது.

ஆவணமும் பல் எண்முறையும்

பற்களைக் குறிக்கும் முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. வியன்னாவின் அடால்ஃப் ஷிக்மொண்டி 1861-இல் வாயை நான்கு காற்பகுதிகளாகப் பிரித்து எண்ணிட்ட முறையிலிருந்து பிரிட்டனில் வழங்கும் பால்மர் முறை தோன்றியது. உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பின் ஈரிலக்க முறையில் முதல் இலக்கம் காற்பகுதியையும் இரண்டாவது பல்லையும் குறிக்க, அமெரிக்க முறையோ மேல்வலது ஞானப்பல்லில் தொடங்கி 1 முதல் 32 வரை தொடராக எண்ணுகிறது. ஆகவே ஈரிலக்க முறையில் 16 என்பது மேல்வலது முதல் கடைவாய்ப்பல். அமெரிக்க முறையில் அதே 16 மேல்இடது ஞானப்பல். சிகிச்சைக் குறிப்பு நாடு மாறும்போது எம்முறை என்பது எழுதப்படாவிட்டால் குழப்பம் நேரலாம்.

இம்ப்ளான்டின் நிலை இன்னும் கடினம். உலகில் பல நூறு நிறுவனங்கள் இதைத் தயாரிக்க, ஒன்றின் திருகுக்கு மற்றொன்றின் திருப்புளி பொருந்துவதில்லை. தயாரிப்பாளர் பெயரும் அளவும் தொகுதி எண்ணும் எழுதிய அட்டை கையில் இல்லாவிடில், தளர்ந்த சிறு திருகொன்றை இறுக்குவதற்கும் உள்ளூர் மருத்துவர் எக்ஸ்-ரே படத்தை வைத்து ஊகிக்க நேர்கிறது. பலர் பிறர் செய்த வேலையில் கைவைக்கத் தயங்குகின்றனர்.

தொற்றும் பயணமும்

கருவிகளை நீராவி அழுத்தக் கலனில் 121 அல்லது 134 பாகை செல்சியசில் உரிய நேரம் வைத்துக் கிருமி நீக்காவிடில் கல்லீரல் அழற்சி பி, சி ஆகியவை பரவக்கூடும். இது வெளிநாட்டுக்கே உரிய குறையன்று. 2013-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு பல் அறுவை மருத்துவரிடம் சிகிச்சை பெற்ற ஏறத்தாழ 7,000 பேர் இரத்தப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். ஆனால் பி வகை வெளிப்படப் பெரும்பாலும் 2 முதல் 5 மாதம் ஆவதால், ஊர் திரும்பியவரின் நோய்க்கும் அவர் அமர்ந்த பல் மருத்துவ நாற்காலிக்கும் உள்ள தொடர்பை எவரும் தேடுவதில்லை. மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாக்களும் பயணிகளோடு நாடு கடக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் பங்கேற்று 2010-இல் வெளிவந்த, மருந்தெதிர்ப்பைத் தரும் என்டிஎம்-1 என்னும் நொதி பற்றிய ஆய்வு, மருத்துவத்துக்காக இந்தியா சென்றுவந்த பிரிட்டன் நோயாளிகளையும் சுட்டியதால் பெரும் சர்ச்சைக்குள்ளானது.

விமான அறையின் காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்கு ஒத்ததாக வைக்கப்படுவதால், பல்லிலோ முகக்குழியிலோ அடைபட்ட காற்று விரிந்து வலி உண்டாக்கலாம். மேல்தாடையின் முகக்குழி அடித்தளத்தை உயர்த்தும் அறுவை செய்தவர்கள் சில காலம் பறக்காதிருப்பது நல்லது.

சட்டப் பாதுகாப்பு

மருத்துவப் பிழைக்கான வழக்கைப் பொதுவாகச் சிகிச்சை நடந்த நாட்டிலேயே, அந்நாட்டு மொழியில் தொடுக்க வேண்டும். ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்பது பெரும்பாலும் அதே மருத்துவமனையில் மறுசிகிச்சை என்ற அளவோடு நிற்கிறது; விமானக் கட்டணத்தையும் இழந்த வேலை நாட்களையும் அது ஈடுசெய்யாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு நெறிமுறை, உறுப்பு நாட்டவர் மற்றொரு உறுப்பு நாட்டில் பெறும் சிகிச்சைக்குச் சொந்த நாட்டுத் திட்டம் தரும் தொகை வரை திரும்பப் பெற வழிசெய்தது. இந்தியாவில் 1995-இல் உச்ச நீதிமன்றம் கட்டண மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது; எனினும் முறையீட்டுக்கான காலவரம்பு 2 ஆண்டு என்பதால், விடுமுறைக்கு ஊர் வரும்போது பல்லையும் பார்த்துக்கொண்டு செல்லும் சிங்கப்பூர், மலேசிய, வளைகுடாத் தமிழர்கள் அடுத்த விடுமுறை வரை காத்திருந்தால் அவ்வாய்ப்பை இழக்க நேரலாம்.

தற்போதைய நிலை

பிரிட்டன் பல் மருத்துவச் சங்கம் 2022-இல் 1,000 மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வில், வெளிநாட்டுச் சிகிச்சையால் சிக்கலுக்குள்ளானவர்களைக் கவனித்ததாகப் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கூறினர். குறையின்றித் திரும்பியவர்கள் இக்கணக்கில் வராததால் இது இடரின் விகிதத்தைக் காட்டாது. துருக்கி வெளிநாட்டு நோயாளிகளை ஏற்கும் நிறுவனங்களுக்கு அனுமதிச் சான்றைக் கட்டாயமாக்கியுள்ளது. இப்பயணங்கள் தொடர்ந்து நடைபெற்று வருகின்றன.