வீட்டு இசை வழங்கி: ஒரு சிறு வரலாறு

ஒரு நூலைப் பற்றி எழுதுவோர் அதன் ஆசிரியரைப் பேசுவர். சில வேளை பதிப்பாளரையும் பேசுவர். நூலை வைத்துக் காத்த அலமாரியைப் பேசுவோர் அரியர். இசைக்கும் இதே நிலைதான். பாடியவரையும் இசையமைத்தவரையும் நினைவுகூர்கிறோம். அவ்விசை ஒரு வீட்டில் எங்கே தங்கியிருந்தது, எவ்வழியே செவியை எட்டியது என்பதை எவரும் எழுதுவதில்லை. கடந்த கால் நூற்றாண்டில் இசையின் அலமாரி மரத்திலிருந்து வன்தட்டுக்கு மாறியது. அம்மாற்றத்தின் ஒரு கிளைக்கதையை இங்கே பதிவுசெய்ய முனைகிறோம். நிறுவனங்கள் கைவிட்ட ஒரு மென்பொருள் எவ்வாறு இன்றும் உயிரோடிருக்கிறது என்பதே இதன் சாரம்.

*

கதைக்கு முன்னுரையாக இரண்டு கோப்பு வடிவங்களைக் குறிப்பிட வேண்டும். குறுந்தகட்டில் உள்ள இசை நொடிக்கு ஏறத்தாழ 1411 கிலோபிட் இடம் கொள்வது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வகத்தார் 1995ஆம் ஆண்டு ஜூலையில் 'எம்பி3' என்று பெயர் சூட்டிய வடிவம், அதை 128 கிலோபிட்டுக்கு, அதாவது பதினொன்றில் ஒரு பங்குக்குச் சுருக்கியது. மனிதச் செவி எளிதில் உணராத பகுதிகளை நீக்கிப் பெற்ற சுருக்கம் அது. நீக்கியதை மீட்க இயலாது. 2001 ஜூலையில் ஜாஷ் கோல்சன் வெளியிட்ட 'ஃப்ளாக்' வடிவமோ எதையும் இழக்காமல் ஏறத்தாழப் பாதியளவுக்குச் சுருக்கியது. முன்னது இசையை எடுத்துச் செல்லப் பயன்பட்டது; பின்னது இசையைச் சேமித்து வைப்பதற்குரியது. வன்தட்டின் விலை இறங்க இறங்க, ஒரு வீட்டின் குறுந்தகடுகள் அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் அடக்குவது சாத்தியமாயிற்று.

அவ்வாறு அடக்கிய இசையைக் கணினியின் முன் அமராமல் கேட்பது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை காண 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் ஷான் ஆடம்ஸ் 'ஸ்லிம் டிவைசஸ்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். 2001இல் வெளிவந்த அதன் முதற்கருவி 'ஸ்லிம்பி3'. அதற்குள் வன்தட்டு கிடையாது. வலைப்பின்னல் வழியே வரும் எம்பி3 ஓடையை ஒலியாக மாற்றுவதும், பாட்டின் பெயரைத் திரையில் காட்டுவதுமே அதன் வேலை. கோப்புகளைத் தேடுவது, வகைப்படுத்துவது, வரிசையிடுவது முதலிய சிந்தனை அனைத்தும் வேறொரு கணினியில் இயங்கிய 'ஸ்லிம்சர்வர்' என்ற வழங்கி மென்பொருளிடம் இருந்தது. அம்மென்பொருள் பெர்ல் மொழியில் எழுதப்பட்டுக் கட்டற்ற உரிமத்தில் வெளியானது. அன்று சிறு செய்தியாகத் தோன்றிய இவ்வுரிமமே இவ்வரலாற்றின் திருப்புமுனை.

*

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை இருந்தது. இசை கேட்க வேண்டுமாயின் வழங்கி இயங்கும் கணினி எப்போதும் விழித்திருக்க வேண்டும். அதன் விசிறி இரையும், மின்கட்டணம் ஏறும். குறைந்த மின்சாரத்தில் ஓசையின்றி இரவும் பகலும் இயங்கும் ஒரு பெட்டி தேவைப்பட்டது. அத்தகைய பெட்டி வேறொரு நோக்கத்துக்காக ஏற்கெனவே வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. வீட்டுக் கணினிகள் அனைத்தும் பொதுவில் கோப்பு வைக்கப் பயன்படும் வலைச்சேமிப்பகம் அது.

2004இல் லிங்க்சிஸ் நிறுவனம் 'என்எஸ்எல்யூ2' என்ற சிறு பெட்டியை வெளியிட்டது. யுஎஸ்பி வன்தட்டை வலைப்பின்னலில் இணைப்பதே அதன் பணி. நினைவகம் வெறும் 32 மெகாபைட்; 266 மெகாஹெர்ட்ஸ் செயலியை அதன் பாதி வேகத்தில் ஓட்டி விற்றனர். ஆயினும் உள்ளே இருந்தது லினக்ஸ். லினக்ஸின் உரிமப்படி மூலநிரலை வெளியிட வேண்டியிருந்தது. ஆர்வலர்கள் அதைப் பிரித்து, செயலியை முழு வேகத்துக்கு மீட்டு, ஸ்லிம்சர்வரையும் அதில் இயக்கிக் காட்டினர். பெரியதோர் இசைத்தொகுப்பை அப்பெட்டி அலசி முடிக்க நெடுநேரம் ஆனது; பொறுமை உள்ளோர்க்கே அது ஏற்றது. எனினும், இயலும் என்பது உறுதியாயிற்று.

இன்ஃப்ரன்ட் நிறுவனம் தன் 'ரெடிநாஸ்' பெட்டிகளில் ஸ்லிம்சர்வரைச் சேர்த்தே வழங்கியது. கியூநாப், சினாலஜி பெட்டிகளுக்கும் ஆர்வலர்கள் பொதிகள் உருவாக்கினர். பெர்ல் எவ்வகைச் செயலியிலும் ஓடும் என்பது பாதி உண்மையே. வேகத்துக்காகச் சேர்த்த சில கூறுகளை ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியே தொகுத்தாக வேண்டும். ரெடிநாஸின் அன்றைய செயலி ஸ்பார்க் இனத்தது. என்எஸ்எல்யூ2 ஏஆர்எம் இனத்தது. ஊதியம் பெறாத பலர் இவ்வேலையை ஆண்டுக்கணக்கில் செய்தனர். அவர்களுள் பெரும்பாலோர் புனைபெயரிலேயே இயங்கியதால், வரலாற்றில் அவர்தம் பெயர் எழுதுவது கடினம்.

*

2006 அக்டோபரில் லாஜிடெக் நிறுவனம் ஸ்லிம் டிவைசஸை 2 கோடி டாலருக்கு வாங்கியது. மென்பொருளின் பெயர் அதன் பிறகு நிலைகொள்ளவில்லை. 'ஸ்குவீஸ்சென்டர்' என்றும், 'ஸ்குவீஸ்பாக்ஸ் சர்வர்' என்றும், 2011இல் 'லாஜிடெக் மீடியா சர்வர்' என்றும் மாறியது. 2012இல் லாஜிடெக் ஸ்குவீஸ்பாக்ஸ் வரிசைக் கருவிகளின் தயாரிப்பையே கைவிட்டது.

வணிகத்தின் வழமைப்படி கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மூலநிரல் பொதுவில் இருந்தது. அதே ஆண்டில் வெளிவந்த ராஸ்பெரி பை என்ற மலிவுக் கணினியில் ஒரு சிறு மென்பொருளை நிறுவினால் அதுவே புதிய ஸ்குவீஸ்பாக்ஸாக மாறியது. உற்பத்தி நின்றுபோன கருவியின் இடத்தைப் பயனர்களே நிரப்பிக்கொண்டனர். 2024 மார்ச்சில் லாஜிடெக் தன் இணையச் சேவையையும் மூடியது. அச்சேவையை மட்டுமே நம்பியிருந்த வானொலிக் கருவிகள் அன்று ஊமையாயின. வீட்டுச் சேமிப்பகத்தில் தம் வழங்கியை வைத்திருந்தோர் வீட்டில் அன்றும் பாட்டு ஒலித்தது. அதே ஆண்டில் மென்பொருள் 'லிரியன் மியூசிக் சர்வர்' எனப் பெயர் பெற்றது. எல்எம்எஸ் என்ற முதலெழுத்துகள் மட்டும் மாறவில்லை.

இதனால் வீட்டுச் சேமிப்பகம் அழிவற்றது என்று கொள்ளலாகாது. வன்தட்டு என்றேனும் பழுதாகும். இரு தட்டுகளில் ஒரே தரவை எழுதும் ஏற்பாடு, ஒன்று பழுதானால் மற்றது காக்கும் என்ற அளவிலேயே பயன்படும். தவறுதலாக அழித்த கோப்பை அது மீட்காது, தீயிலிருந்து காக்காது. வேறோர் இடத்தில் இன்னொரு படி இருந்தாக வேண்டும். இணையப் பாட்டுச் சேவைகள் இத்தொல்லைகளை நமக்குத் தருவதில்லை. ஆனால் அங்கே நாம் கேட்பது வாடகை இசை. உரிம ஒப்பந்தம் முடிந்த நாளில் பாட்டு காணாமற்போகும், கேட்போரின் இசைவு கோரப்படுவதில்லை.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றுண்டு. கருவி நிலைக்கவில்லை, நிறுவனம் நிலைக்கவில்லை, மென்பொருளின் பெயரும் நிலைக்கவில்லை. மூன்று பொருள்கள் நிலைத்தன: எவரும் படிக்கத்தக்க கோப்பு வடிவம், எவரும் திருத்தத்தக்க நிரல், அவ்விரண்டையும் பேணுவதற்கு முன்வந்த சிலர். இவற்றுள் முதல் இரண்டையும் உரிமம் காக்கும். மூன்றாவதைக் காக்க எந்த உரிமமும் இல்லை.