காதை மூடிய கருவி: ஹெட்போன் வரலாறும் நம் தேர்வும்

“சார், பாட்டுக் கேட்க நல்ல ஹெட்போன் எது?” என்று மாணவர்கள் கேட்டால், நாம் உடனே விலையையும் பிராண்டையும் பேச ஆரம்பிச்சிடுறோம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறீர்கள்? ஹெட்போனின் வரலாற்றைப் புரட்டினால், இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு காலத்தவரும் சொன்ன பதில்தான் அதில் இருக்கிறது.

1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தேனியல் பால்ட்வின், தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போனைக் கடற்படைக்கு அனுப்பினார். கம்பியில்லாத் தந்தியில் வரும் மெல்லிய ஒலியைக் கேட்க அது உதவும் என்பது எண்ணம். சோதித்துப் பார்த்த கடற்படை மேலும் வேண்டும் என்றது. அவரோ, ஒரு தடவைக்குப் பத்துக்கு மேல் ஆர்டர் எடுக்க முடியாது என்றார். சமையலறையில் அவ்வளவுதானே முடியும்! பாருங்க, தொடக்கத்தில் இசைக்கு இங்கே பெரிய இடம் இல்லை.

1937-இல் ஜெர்மனியின் பேயர்டைனமிக் நிறுவனம் ‘டிடி 48’ என்ற ஹெட்போனைக் கொண்டு வந்தது. ஒலிபெருக்கியில் இருப்பதுபோல் காந்தம், கம்பிச்சுருள், அதிரும் மென்தகடு மூன்றையும் சின்னக் கிண்ணத்துக்குள் அடக்கியிருந்தார்கள். 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஜான் காஸ், தாம் உருவாக்கிய இசைத்தட்டுக் கருவியைக் கண்காட்சியில் வைத்தார். கூட்டம் அந்தக் கருவியை விட்டுவிட்டு, அதோடு இணைத்திருந்த ஸ்டீரியோ ஹெட்போனைத்தான் சுற்றி நின்றது. வீட்டில் இசை கேட்பதற்கென்றே ஹெட்போன் விற்கும் காலம் அப்படித் தொடங்கியது.

அடுத்த திருப்பம் 1968. ஜெர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் ‘எச்டி 414’ மாதிரியில் கிண்ணத்தின் பின்புறத்தைத் திறந்துவிட்டது. மஞ்சள் நுரைப்பஞ்சு வைத்த அந்த ஹெட்போன் ஒரு கோடிக்கும் மேல் விற்றது. ஏன் அவ்வளவு வரவேற்பு? மென்தகடு முன்னால் தரும் அதே ஒலியைப் பின்னாலும் தருகிறது. மூடிய கிண்ணத்தில் அந்தப் பின்னொலி சுவரில் மோதித் திரும்பி, பாட்டோடு கலந்துவிடும். திறந்துவிட்டால் அது வெளியே போய்விடும். இசை தலைக்குள் அடைபடாமல் அறையில் பரவுவதுபோல் கேட்கும். அமைதியான வீடு உள்ளவர்களுக்கு என் ஓட்டு திறந்த வகைக்குத்தான்.

ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அந்த அமைதி வாய்க்கிறது? பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெல் 1928-இல் எழுதிய ‘பொலேரோ’வை எடுத்துக்கொள்ளுங்கள். மிக மெல்லிய சிறுபறையோடும் புல்லாங்குழலோடும் தொடங்கி, கால் மணி நேரத்தில் முழு வாத்தியக் குழுவும் முழங்கும் அளவுக்கு ஏறும். ரயிலில் திறந்த வகையில் கேட்டால் தொடக்கம் காதில் விழாது. சத்தத்தைக் கூட்டுவீர்கள். முடிவு வரும்போது அதே சத்தம் காதை அடிக்கும். சினிமாப் பாட்டில் இந்தச் சிக்கல் குறைவு. பெரும்பாலும் அதன் ஒலியளவைச் சமப்படுத்தித்தான் வெளியிடுகிறார்கள். வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், 90 டெசிபலில் வெறும் 4 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. அதனால் வெளியில் கேட்பவர்களுக்கு மூடிய வகையே ஏற்றது. அது வெளிச்சத்தத்தைக் குறைக்கிறது, நாமும் ஒலியைக் குறைத்து வைக்கலாம். பக்கத்தில் இருப்பவருக்கும் தொல்லையில்லை.

பேருந்து எஞ்சினின் தாழ்ந்த உறுமலை மட்டும் மூடிய கிண்ணத்தால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. 1978-இல் சூரிக்கிலிருந்து விமானத்தில் திரும்பியபோது அமர் போஸ் என்ற பேராசிரியருக்கும் இதே எரிச்சல். எதிர் ஒலியால் இரைச்சலை அழிக்கும் கணக்கை விமானத்திலேயே போடத் தொடங்கினார். அந்த ஹெட்போன் 1989-இல்தான் விமானிகளின் காதுக்கு வந்தது. பதினோரு வருஷம்!

கடைக்குப் போனால் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் ‘ஓம்’ எண்ணைப் பாருங்கள். பேயர்டைனமிக்கின் ‘டிடி 770 புரோ’ என்ற மூடிய வகை 32, 80, 250 ஓம் என்று வருகிறது. 250 ஓம் வாங்கிக் கைப்பேசியில் மாட்டினால் சத்தம் போதாது. பிறகு ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனத்தைப் போடச் சொல்லுங்கள். இடப்பக்கத் தொப்பியின் ‘தொம்’ வீங்கி வலந்தலையின் சொற்களை விழுங்கினால், அது பின்னொலியை அடக்கத் தெரியாத கிண்ணம். கண்ணாடி போடுபவரா? கண்ணாடியோடேயே போட்டுப் பாருங்க. அதன் காம்பு மெத்தைக்கு இடையில் சின்ன இடைவெளி விட்டால் போதும், அந்தத் ‘தொம்’ பாதி காணாமல் போய்விடும்.