எண்பத்திரண்டாவது பெயர்

அலபாமா மாநிலத்தின் ஹன்ட்ஸ்வில் நகரில் ஒரு கல்லூரி மைதானம். மழையில் தரை ஊறிக் கிடக்கிறது. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணிகளின் ஸ்கவுட்டுகள் ஸ்டாப்வாட்சோடு நிற்கிறார்கள். ஒல்லியான, உயரமான ஓர் இளைஞன் 40 கஜம் ஓடுகிறான். நேரம் சுமார்தான். குறித்துக்கொண்டு எல்லாரும் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஒருவர் மட்டும் உடம்பு சரியில்லை என்று சொல்லித் தங்கிவிட்டார். மறுநாள் காய்ந்த தரையில் அதே பையனை மறுபடி ஓடவிட்டார். இந்த முறை கடிகாரம் வேறு எண்ணைக் காட்டியது.

அந்தப் பையன் ஜான் ஸ்டால்வொர்த். தங்கிவிட்டவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் பில் நன். இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள், சாரம் ஒன்றுதான். கேட்டவுடன், அட, கெட்டிக்கார மனுஷன் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் கொஞ்சம் உள்ளே போனால் கேள்வி மாறிவிடுகிறது: அந்த மைதானத்துக்குத் திரும்பி வர வேண்டும் என்று மற்றவர்களுக்கு ஏன் தோன்றவில்லை?

முதலில் டிராஃப்ட் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். நமக்குத் தெரிந்த ஐபிஎல் ஏலத்தில் பணம் பேசும். டிராஃப்டில் வரிசை பேசும். போன வருடம் கடைசியில் நின்ற அணி, கல்லூரியிலிருந்து வெளிவரும் வீரர்களில் முதல் ஆளை எடுக்கும்; ஜெயித்த அணி கடைசியில் எடுக்கும். முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஓட்டலில் நடந்தது. கரும்பலகையில் 90 பெயர்கள். ஸ்கவுட் என்ற வேலையே அப்போது கிடையாது. செய்தித்தாளில் படித்ததும் காதில் விழுந்ததும்தான் மதிப்பீடு. முதலில் எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நாள்கூட ஆடவில்லை.

அந்தப் பலகையில் கறுப்பினத்தவர் ஒருவர் பெயரும் இல்லை. 1934 முதல் 1945 வரை என்எஃப்எல்லில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. எழுதிவைத்த விதி எதுவும் இல்லை; எழுதாமலேயே எல்லாரும் கடைப்பிடித்தார்கள். 1946இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி கென்னி வாஷிங்டனையும் வுடி ஸ்ட்ரோடையும் சேர்த்தபோது கதவு கொஞ்சம் திறந்தது. ஆனால் தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்கள் தங்கள் அணிகளை வெள்ளையர்களுக்கே வைத்திருந்தன. திறமையான கறுப்பினப் பையன்கள் கிராம்ப்ளிங், சதர்ன், டென்னசி ஸ்டேட் போன்ற கறுப்பினக் கல்லூரிகளுக்குப் போனார்கள். அங்கே பெரும்பாலான ஸ்கவுட்டுகள் போகவில்லை. போனாலும் நிற்கவில்லை.

பில் நன் அங்கேயேதான் இருந்தார். ஆனால் ஸ்கவுட்டாக இல்லை, பத்திரிகைக்காரராக. ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ அமெரிக்கக் கறுப்பினத்தவரின் பெரிய பத்திரிகைகளில் ஒன்று. அவருடைய அப்பா அதில் நிர்வாக ஆசிரியர். மகன் விளையாட்டுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். ஆண்டுதோறும் கறுப்பினக் கல்லூரி வீரர்களில் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு கனவு அணியைப் பத்திரிகையில் வெளியிடுவார். அதற்காகத் தெற்கு முழுக்க அலைந்தார். கிராம்ப்ளிங்கின் எடி ராபின்சன் போன்ற பயிற்சியாளர்களோடு நல்ல பழக்கம். எந்தப் பையன் வலியோடு ஆடுகிறான், யார் வீட்டில் என்ன நிலைமை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

அந்தப் பட்டியல் ரகசியம் ஒன்றும் இல்லை. காசு கொடுத்தால் யாரும் வாங்கிப் படிக்கலாம். ஸ்டீலர்ஸ் அலுவலகம் இருந்த அதே ஊரில்தான் அந்தப் பத்திரிகை அச்சானது.

அந்த ஸ்டீலர்ஸின் நிலைமை என்ன? 1933இல் தொடங்கி முப்பது, நாற்பது வருடம் தோல்வியே தொழில். 1955இல் ஜானி யுனைடஸைத் தேர்ந்தெடுத்து, சீசன் தொடங்கும் முன்பே வீட்டுக்கு அனுப்பினார்கள்; அவர் பால்டிமோர் போய் வரலாறானார். 1957இல் ஜிம் பிரவுன் வரிசையில் இருக்கும்போது வேறொருவரை எடுத்தார்கள். பிறகு செலவைக் குறைக்க வேறு சில அணிகளோடு சேர்ந்து ஒரு கூட்டு ஸ்கவுட் அமைப்பை நடத்தினார்கள். சிக்கனமான யோசனைதான். ஆனால் ஒரே அறிக்கை பல அணிகளுக்குப் போகும். அந்தக் கண்ணுக்குத் தெரியாதது யாருக்கும் தெரியாது.

நன்னுக்கு ஸ்டீலர்ஸ் மேல் கோபம் இருந்தது. தன்னையும் தன் பத்திரிகையையும் தான் எழுதும் வீரர்களையும் அவர்கள் கண்டுகொள்ளவில்லை என்ற கோபம். அணியின் ஆட்டங்களுக்குக்கூட அவர் போவதில்லை. இது உரிமையாளரின் மகன் டான் ரூனி காதுக்கு எட்டியது. கூப்பிட்டுப் பேசினார். நன் மனதில் இருந்ததை அப்படியே கொட்டினார். சரி, நீங்களே வந்து வேலை பாருங்கள் என்றார் ரூனி. 1967இல் பகுதி நேரமாகச் சேர்ந்தவர், சில ஆண்டுகளில் முழுநேர ஆளானார்.

நியாயமாகச் சொன்னால் நன் மட்டும் இல்லை. போட்டி லீக்கில் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கு லாயிட் வெல்ஸ் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவரும் ஹூஸ்டன் பத்திரிகைக்காரர்தான். கறுப்பினப் பத்திரிகைகளில் வருடக்கணக்கில் சேர்ந்த அறிவு அந்தப் பக்கங்களிலேயே கிடந்தது. சில அணிகள் அதைக் கேட்கத் தொடங்கின. அவ்வளவுதான்.

பலன் உடனே தெரியவில்லை. 1969இல் புதுப் பயிற்சியாளர் சக் நோல் தலைமையில் ஸ்டீலர்ஸ் 14 ஆட்டத்தில் ஒன்றில்தான் ஜெயித்தது. ஆனால் அதே ஆண்டு பத்தாவது சுற்றில் ஆர்கன்சாவின் கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து எல்.சி. க்ரீன்வுட் வந்திருந்தார். அடுத்த ஆண்டு மூன்றாவது சுற்றில் மெல் பிளவுண்ட். 1971இல் எட்டாவது சுற்றில் எர்னி ஹோம்ஸ். மற்றவர்கள் தூங்கி வழியும் சுற்றுகளில் ஸ்டீலர்ஸ் விழித்திருந்தது.

அப்புறம் 1974 ஜனவரி. ஸ்டால்வொர்த்தை முதல் சுற்றிலேயே எடுத்துவிட வேண்டும் என்று நோல் துடித்ததாகச் சொல்வார்கள். பொறுங்கள், நான்காவது சுற்று வரை அவன் இருப்பான் என்றாராம் நன். யோசித்துப் பாருங்கள். வீரனை மதிப்பிடுவது ஒன்று. மற்ற 25 அணிகளின் அலட்சியத்தையும் சேர்த்து மதிப்பிடுவது வேறு. வாழ்நாளெல்லாம் அந்த அலட்சியத்தை அனுபவித்த மனிதருக்கு அதன் ஆழம் எவ்வளவு என்று தெரிந்திருந்தது.

முதல் சுற்றில் லின் ஸ்வான். இரண்டாவதில் ஜாக் லாம்பர்ட். மூன்றாவது சுற்று வாய்ப்பை முன்பே விற்றுவிட்டிருந்தார்கள். சுற்று முழுக்க வேறு பெயர்கள் போய்க்கொண்டே இருக்கின்றன. 82ஆவது பெயராக ஸ்டால்வொர்த் வந்தார். ஐந்தாவது சுற்றில் மைக் வெப்ஸ்டர். நால்வரும் பின்னாளில் புகழ்மன்றத்தில் இடம்பிடித்தார்கள். டிராஃப்ட் முடிந்தபோது 442 பெயர்கள் படிக்கப்பட்டிருந்தன. சவுத் கரோலைனா ஸ்டேட் கல்லூரியின் டானி ஷெல் அதில் இல்லை. அவரையும் ஸ்டீலர்ஸ் அழைத்துக்கொண்டது. எதிரணி எறிந்த பந்துகளில் 51ஐ மறித்துப் பிடித்த அவருக்கும் 2020இல் புகழ்மன்றம் திறந்தது. ஆறு சீசன்களில் நான்கு சூப்பர் பவுல் வெற்றிகள்.

இதை ஒரு வெற்றிக் கதையாக முடித்துவிடலாம். முடிக்க மனம் வரவில்லை. ஸ்டால்வொர்த்தின் சொந்த ஊர் டஸ்கலூசா. அலபாமா பல்கலைக்கழகம் இருக்கும் அதே ஊர். அவர் கல்லூரியில் சேர்ந்த 1970இல்தான் அந்தப் பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு உதவித்தொகையோடு முதல் கறுப்பின வீரர் வந்தார். அதன் பிறகு கதவுகள் வேகமாகத் திறந்தன. நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் அந்தப் பையன்களை வளர்த்த கல்லூரிகளைத் தாண்டி அவர்கள் பெரிய மைதானங்களுக்குப் போனார்கள். நன் சுற்றிய ஊர்களில் தேட ஆள் குறைந்தது.

நன் 2014இல் இறந்தார். 2021இல் அவருக்குப் புகழ்மன்றத்தில் இடம் கிடைத்தது. அதே 2021 டிராஃப்டில் கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து எடுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? ஒருவரும் இல்லை.