மனசு வைத்தால் போதுமா?

ஐ.சி.யூ.விலிருந்து மீண்டு வந்த நண்பர் ஒருவர், காபி டம்ளரைக்கூடத் தூக்க முடியாமல் தவித்தார். "மனசு வைத்தால் எழுந்து நடக்கலாமே" என்று சொல்லிவிட்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று பின்னால் படித்தபோதுதான் புரிந்தது.

1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியது. பியோர்ன் இப்சன் என்ற டாக்டரின் யோசனைப்படி, மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் கையால் பையை அமுக்கி நோயாளிகளுக்கு மூச்சுக் கொடுத்தார்கள். ஐ.சி.யூ. பிறந்த கதை இதுதான். பிறகு வேறு நோய்களில் சாகக் கிடந்தவர்களும் வென்டிலேட்டர் உதவியால் வாரக்கணக்கில் உயிரோடு இருந்தார்கள்.

அதன் மறுபக்கம் 1984-இல் வெளிவந்தது. கனடாவின் லண்டன் நகரில் சார்லஸ் போல்டன் என்ற நரம்பு மருத்துவரும் குழுவினரும் ஐந்து நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். வென்டிலேட்டரை எடுக்க முடியவில்லை. கைகால்கள் துவண்டு கிடந்தன. சோதித்தால், நரம்புகளே பழுதாகியிருந்தன. தசைகளும் இப்படிக் கெடுவதுண்டு.

கடுமையான கிருமித்தொற்று, பல உறுப்புகள் ஒருசேரப் பழுதாவது, ஏறிய சர்க்கரை, நீண்ட நாள் வென்டிலேட்டர், அசையாப் படுக்கை, முதுமை ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. ஸ்டீராய்டும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் சிலருக்குக் காரணமாகலாம்.

ஆகவே, நம் வீட்டில் யாராவது ஐ.சி.யூ.வில் இருந்தால், "பிசியோதெரபி எப்போது ஆரம்பிக்கலாம்?" என்று டாக்டரிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். சோம்பல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நண்பரிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.