மிசிசிப்பிக் கரையின் கொப்பரைகள்

மார்கழியில் வெல்லம் காய்ச்சும் கொட்டகையின் பக்கம் சென்றவர்கள் அதன் மணத்தை மறந்திருக்க மாட்டார்கள். கொப்பரையில் சாறு கொதிக்கும். சுண்ணாம்பு சேர்ந்ததும் அழுக்கு நுரையாய் மேலெழும். பாகு பதம் பார்த்து இறக்கப்படும். ஏறத்தாழ இதே வேலை, 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், மிசிசிப்பி ஆறு கடலில் கலக்கும் லூயிசியானா மாநிலத்திலும் நடந்தது. ஆனால் அங்கே அடுப்படியில் நின்றவர்கள் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். விலைக்கு வாங்கப்பட்ட கருப்பின மக்கள்.

1795-இல் எத்தியென் தெ போரே என்ற தோட்டக்காரர் நியூ ஆர்லியன்ஸ் அருகே கருப்பஞ்சாற்றை மணிச் சர்க்கரையாக உறையச் செய்து பொருளீட்டினார். அதன்பின் ஆற்றின் இருகரையும் கரும்புக் காடாயிற்று. அந்நாட்டில் உறைபனி விழும். விழுந்தால் கரும்பு கெடும். வெட்டிய கரும்பையோ நெடுநேரம் வைத்திருக்க இயலாது. ஆகவே ஐப்பசி தொடங்கிப் புத்தாண்டு வரை ஆலை இரவும் பகலும் ஓடியது. கொப்பரைகள் பெரிதிலிருந்து சிறிதாக ஒரே வரிசையில் அடுப்பின்மேல் பதிக்கப்பட்டிருக்கும். கொதிக்கும் சாற்றை நீண்ட காம்புள்ள அகப்பையால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முகந்து ஊற்ற வேண்டும். கடைசிக் கொப்பரையை அடையும்போது அது பாகாகி இருக்கும். வெந்நீர் பட்டால் வழிந்துவிடும்; பாகு தோலோடு ஒட்டிக்கொள்ளும். உறக்கமிழந்த கைகள் அந்த அகப்பையைப் பிடித்திருந்தன.

இம்முறையை மாற்றியவர் நோர்பெர்ட் ரில்யூ. 1806-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் பிறந்தவர். தந்தை வெள்ளையர், பொறியாளர். தாய் கொன்ஸ்தான்ஸ் விவாந்த், அடிமைத்தளையற்ற கலப்பினப் பெண். அவ்விருவரும் மணம் செய்துகொள்ள அந்நாட்டுச் சட்டம் இடம் தரவில்லை. மகனை மட்டும் தந்தை பாரிசுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். நீராவி இயந்திரக் கலையில் தேர்ந்த அவர், இளம் வயதிலேயே அங்கு ஆசிரியருமானார்.

அவர் கண்ட வழி எளியது. மலைமேல் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் கோடைக்கானலில் பருப்பு வேகத் தாமதமாகும் என்பதை இல்லத்தரசிகள் அறிவர். காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். ரில்யூ, சாற்றை மூடிய கலன்களில் இட்டு, ஒன்றைவிட அடுத்ததில் அழுத்தம் குறைவாக இருக்கும்படி அமைத்தார். முதற் கலனிலிருந்து எழும் ஆவி, வீணாய் வானேறாமல், இரண்டாம் கலனைக் கொதிக்கவைக்கும்; அதன் ஆவி மூன்றாவதை. ஒரு முறை மூட்டிய நெருப்பு பல முறை உழைக்கும். சூடு மிகாததால் சர்க்கரை கருகாது. நிறமும் நன்றாக வரும். அகப்பைக்கு வேலையே இல்லை. 1843-லும் 1846-லும் காப்புரிமை பெற்றார். தியடோர் பாக்வுட் என்பவரின் மர்ட்டில் குரோவ் தோட்டத்தில் இக்கருவி வெற்றி கண்டது. நம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் சாற்றை வற்றச் செய்யும் கலன்களும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. அவர் பெயரைத்தான் நம்மில் பலர் கேட்டதில்லை.

கருவியைப் பொருத்தச் சென்ற இடங்களில் தோட்டக்காரர்கள் அவரது அறிவை ஏற்றார்கள். பந்தியில் சமமாக ஏற்கவில்லை. கருப்பினத்தார் மீது சட்டங்கள் இறுகியபின் அவர் பிரான்சுக்கே திரும்பினார். சில காலம் எகிப்தியச் சித்திர எழுத்துகளை ஆராய்வதில் ஈடுபட்டார். 1894-இல் பாரிசில் காலமானார். அவர் கருவி சுடுபாகிலிருந்து பல உடல்களைக் காத்தது உண்மை. தோட்டக்காரரின் இலாபத்தைப் பெருக்கியதும் உண்மை. இலாபம் பெருகிய இடத்தில் கரும்பு வெட்ட ஆட்களும் மேன்மேலும் தேவைப்பட்டனர். லூயிசியானாவின் அடிமைகளுக்கு விடுதலை தந்தது உள்நாட்டுப் போரே.

அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால், விடையின் ஒரு பகுதி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மேரிலாண்டில் இயேசு சபையினர்க்குத் தோட்டங்களும் அடிமைகளும் இருந்தனர். 1838-இல் சபையின் மாநிலத் தலைவர் தாமஸ் முல்லடி அடிகளார் 272 பேரை 1,15,000 டாலருக்கு விற்க உடன்படிக்கை செய்தார். பெரும்பாலோர் லூயிசியானாவுக்கு அனுப்பப்பட்டனர். கரும்புத் தோட்டங்களும் பருத்தித் தோட்டங்களும் அவர்களை ஏற்றுக்கொண்டன. குடும்பங்களைப் பிரிக்கலாகாது, திருவருட்சாதனங்கள் பெற வாய்ப்பு வேண்டும், பணத்தைக் கடனடைக்கச் செலவிடலாகாது என்று உரோமை விதித்திருந்தது. குடும்பங்கள் பிரிந்தன, பணத்தில் ஒரு பங்கு ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைத்தது. விற்கப்பட்டவர்கள் நம்மைப் போலத் திருமுழுக்குப் பெற்றவர்கள். மறு ஆண்டே, 1839 டிசம்பரில், திருத்தந்தை 16-ஆம் கிரகோரியார் அடிமை வணிகத்தைக் கண்டித்து மடல் எழுதினார். அது கடல் கடந்த வணிகத்தையே குறிக்கும் என்று பொருள் கூறி நாட்டுக்குள் நடந்ததை நியாயப்படுத்திய ஆயரும் அமெரிக்காவில் இருந்தார்.

2017 ஏப்ரலில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில், அம்மக்களின் வழித்தோன்றல்கள் முன்னிலையில், இயேசு சபையின் பெயரால் திமோத்தி கெசிக்கி அடிகளார் பாவ அறிக்கை செய்து மன்னிப்பு வேண்டினார். முல்லடி அடிகளாரின் பெயரைத் தாங்கியிருந்த கட்டடத்துக்கு அன்று வேறு பெயர் சூட்டப்பட்டது. விற்பனைப் பட்டியலின் முதல் வரியில் எழுதப்பட்டிருந்த மனிதரின் பெயர் அது: ஐசக் ஹாக்கின்ஸ்.