குறுந்தோட்டாவும் பழங்குழலும்

ஒரு கருவியின் வரலாற்றை அறிய விழைவோர் அதன் உருவத்தை மட்டும் நோக்கினால் போதாது; அதன் அளவையும் நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருவான இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகள் இதற்குத் தக்க சான்றாகும். அவற்றுள் பல நூறாண்டு கடந்து இன்றும் இயங்குகின்றன. ஆயின் அவற்றிற்குரிய தோட்டா வேறு. இன்று பெருவழக்காய் உள்ள தோட்டா வேறு. இரண்டிற்கும் இடையே கால் அங்குலமே வேறுபாடு. அக்கால் அங்குலத்தின் கதையே இக்கட்டுரை.

முன்னாளில் வேட்டையாடுவோர் மருந்து, தக்கை, ரவை ஆகியவற்றைக் குழலின் வாய்வழியே இட்டுக் கெட்டித்தனர். பிரெஞ்சுக் கம்மியரான காசிமிர் லெஃபோஷே, 1830களில் பின்புறம் திறந்து தோட்டா இடும் துப்பாக்கியைச் செய்தார். 1851ஆம் ஆண்டு லண்டன் மாபெரும் கண்காட்சியில் அது ஆங்கிலக் கம்மியரின் கருத்தைக் கவர்ந்தது. கால் நூற்றாண்டிற்குள், 1875இல், பர்மிங்காமில் ஆன்சன், டீலி இருவரும் சுத்தியல் வெளித்தெரியாத பொறியமைப்பைக் கண்டனர். துளைக்கு ஒத்த 12 ஈயக் குண்டுகள் ஒரு பவுண்டு நிறுக்குமாயின் அது ‘12ஆம் எண்’ துப்பாக்கி. அதன் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலமாக அமைந்தது.

அக்காலத்தில் காகிதக் கூடுகளை வாங்கி வீட்டிலேயே தோட்டா நிரப்புதல் இயல்பான வழக்கம். ஷெஃபீல்டு நகரத்து ஜேம்ஸ் டிக்சன், ஹாக்ஸ்லி ஆகிய பட்டறைகள் அதற்கெனக் கருவிகள் செய்து விற்றன. மருந்து முகக்கும் அளவுக் கிண்ணம், தக்கையை அழுத்தும் கோல், கூட்டின் வாயை உள்நோக்கிச் சுருட்டும் கைச்சுழலி ஆகியன மேசைமேல் வரிசையாய் இருக்கும். கரிமருந்தை டிராம் கணக்கில் முகந்தாலே போதும், நிறுக்க வேண்டுவதில்லை.

இடர் இங்குதான் தொடங்கிற்று. 1860களில் ஷூல்ட்ஸ என்பார் மரநாரிலிருந்து ஆக்கிய புதுமருந்தைக் கரிமருந்துக்கு ஈடாக அதே கிண்ணத்தால் முகக்கலாம். ஆனால் 1887இல் ஆல்பிரட் நோபல் உரிமம் பெற்ற பாலிஸ்டைட் போன்ற செறிவு மருந்துகள் சிற்றளவிலேயே பேராற்றல் காட்டின. அவற்றையும் பழைய கிண்ணம் நிறைய முகந்தால் குழல் வெடிக்கும். கிண்ணம் மாறவில்லை, உள்ளே இட்ட பொருள் மாறிவிட்டது. கரிமருந்தின் வழக்கு அருகிய பின்னும் அமெரிக்கத் தோட்டாப் பெட்டிகளில் ‘டிராம் ஈடு’ என்னும் குறிப்பு நின்றது அப்பழங் கிண்ணத்தின் எச்சமே.

இரண்டாம் இடர் நீளத்தால் வந்தது. இருபதாம் நூற்றாண்டில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா பொது அளவாயிற்று. அவ்வளவு வெடித்து விரிந்த கூட்டின் நீளம். வாய் மடிந்திருக்கும்போது தோட்டா அதனினும் குறுகியது. ஆகவே அது பழைய அறைக்குள் எளிதாய் நுழையும். துப்பாக்கியும் தடையின்றி மூடும். வெடிக்கும் கணத்திலோ மடிப்பு விரிந்து, கூட்டின் வாய் அறைக்கு அப்பாலுள்ள குறுகலுக்குள் நீளும். ரவையும் தக்கையும் அவ்விடுக்கில் நெருக்குண்ண, அழுத்தம் ஏறும். அவ்வேற்றம் தோட்டாவிற்குத் தோட்டா வேறுபடும். எனினும் நெடுந்தோட்டாவில் பெரும்பாலும் மருந்தின் வேகமும் ரவையின் எடையும் மிகுதி. பழைய பூட்டும் மரக்கட்டையும் அதற்கெனச் செய்யப்பட்டவை அல்ல.

அக்காலக் குழல்களுள் பல ‘டமாஸ்கஸ்’ எனப்பட்டவை. இரும்பு, எஃகுப் பட்டைகளை முறுக்கிச் சுற்றி, காய்ச்சி ஒட்டியதால் அவற்றில் நீரலை போன்ற கோலம் தோன்றும். டமாஸ்கஸ் வாளுக்குப் புகழ் தந்த உருக்கு சேலம், மைசூர்ப் பகுதிகளிலும் விளைந்தது. குழலோ பெயரை மட்டுமே அவ்வாளிடமிருந்து பெற்றது, செய்முறை வேறு. அக்குழலின் ஒட்டுகளுள் துரு மறைந்திருப்பின் கண்ணுக்குப் புலப்படாது.

ஆலைத் தோட்டா மலிந்தபின் வீட்டு நிரப்பல் அருகியது. 1950களில் அமெரிக்காவில் கைப்பொறிகள் பெருகவே அது மீண்டும் தழைத்தது. 1960இல் ரெமிங்டன் நிறுவனம் நெகிழிக் கூட்டைக் கொணர்ந்தது. பழந்துப்பாக்கி போற்றுவோர் அக்கூட்டைக் கால் அங்குலம் நறுக்கி, மென்மையான குறுந்தோட்டா ஆக்கலாயினர். அவர்தம் பணி மருந்திலன்று, படிப்பில் தொடங்குகிறது. சோதனைக்கூட முத்திரையைப் படித்து, அறையை அளந்து, குழற்சுவரின் தடிமனைக் கம்மியரிடம் காட்டி அறிந்த பின்னரே, ஆய்வகத்தில் அழுத்தம் அளந்த அட்டவணையைக் கைக்கொள்வர். முன்னோர் முகந்ததை இவர்கள் நிறுக்கின்றனர்.

பழம்பொருளைக் காத்தல் என்பது அதனைப் பேழையில் பூட்டி வைத்தலன்று. அதன் அளவறிந்து வழங்குதலே காத்தல். நுழைவதெல்லாம் பொருந்துவதாகாது. பழைய யாப்பில் புதுச்சொல்லை அமைக்க முயன்ற பாவலர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.